வாசலில் இறங்கும் வெளியூர்க்காரர்கள்

நம் சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் மே மாதம் பிள்ளைகளின் பள்ளி மூடியதும் ஊருக்குப் புறப்பட்டு விடுகிறோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை வரை ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். நாம் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் அதே சமயத்தில், நமக்கு நேர் எதிர்த் திசையில் பயணம் செய்து ஏப்ரலிலேயே டில்லிக்கு வந்து, தெருவோர வேப்பமரத்தில் குடித்தனம் தொடங்கிவிட்ட ஒருவரை அநேகர் கவனித்திருக்க மாட்டோம். அவர் மாங்குயில். ஊரில் மார்கழி, தை மாதங்களில் தோப்புகளில் மஞ்சள் மஞ்சளாகப் பறந்து திரியுமே, அதே பறவைதான். கோடையில் வட இந்தியாவில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். செப்டம்பர் வாக்கில் தெற்கே கிளம்பிவிடும். நாம் விடுமுறைக்கு ஊருக்குப் போவதுபோல் அதுவும் போகிறது, பருவம்தான் வேறு.

பறவைகள் வலசை வருவதைப் பார்க்க வேண்டுமானால் பரத்பூருக்கும் சுல்தான்பூருக்கும் கார் வைத்துக்கொண்டு போகவேண்டும் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. போகலாம், நல்லதுதான். ஆனால் ஜனக்புரியில் எங்கள் வீட்டு முன்வாசல், மதிலுக்கும் படிக்கட்டுக்கும் இடையே பன்னிரண்டு அடிக்குப் பதினைந்து அடி. அதில் பாதி மண்தரை. ஒரு கறிவேப்பிலைச் செடி, இரண்டு செம்பருத்தி, மதிலுக்கு வெளியே ஒரு முசுக்கொட்டை மரம், அதாவது இங்கே எல்லோரும் ஷஹ்தூத் என்று சொல்வது. இந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே, எட்டு ஆண்டுகளில் பதினேழு வகை வெளியூர்ப் பறவைகளைக் குறித்து வைத்திருக்கிறேன். வானத்தில் போனவற்றையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

முதலில் அறிமுகம் செய்யவேண்டியவர் திர்திரா. ஆங்கிலத்தில் பிளாக் ரெட்ஸ்டார்ட். சிட்டுக்குருவியைவிடச் சற்று ஒல்லி, எடை பதினைந்து கிராம் சுமாருக்கு இருக்கும். ஆண் மேலே கறுப்பு, வயிறு செங்கல் நிறம். பெண் மங்கிய பழுப்பு. இரண்டுக்கும் வால் துரு நிறம். அந்த வால் ஒரு நிமிஷம் சும்மா இருப்பதில்லை, குளிர் ஜுரம் கண்டவனைப்போல் நடுங்கிக்கொண்டே இருக்கும். இந்திப் பெயரே அதனால் வந்ததுதான். ஆங்கிலப் பெயரில் உள்ள 'ஸ்டார்ட்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் வால் என்று பொருள். நமக்கு வருகிற இனம் திபெத்து, இமயத்தின் மேற்பகுதி, மத்திய ஆசிய மலைகள் ஆகிய இடங்களில், மரம் இல்லாத கல்லும் பாறையுமான உயரங்களில் கூடு கட்டுவது. அதனால்தான் தோட்டத்தில் இறங்கினாலும் மரத்தைவிட மதிலையும் செங்கல் குவியலையும் விரும்புகிறது. மதில்மேல் உட்காரும், மண்ணில் எறும்போ பூச்சியோ அசைந்தால் கீழே பாய்ந்து எடுத்துக்கொண்டு மறுபடி மதிலுக்குப் போகும். என் நோட்டுப் புத்தகத்தில் அது முதலில் தென்பட்ட தேதிகள் எல்லாம் செப்டம்பர் 27-க்கும் அக்டோபர் 14-க்கும் இடையில் அடங்கிவிடுகின்றன. ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் இருந்தவனுக்கு இந்தக் காலந்தவறாமை சற்றுக் கூச்சத்தைத் தரத்தான் செய்கிறது.

ஐரோப்பாவில் இந்த ரெட்ஸ்டார்ட் இனத்தைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. குளிர்காலத்தில் இது காணாமல் போவதையும், அதே சமயம் ராபின் என்ற வேறொரு குருவி வந்து சேர்வதையும் பார்த்த அரிஸ்டாட்டில், முதல் பறவையே இரண்டாவதாக உருமாறுகிறது என்று எழுதி வைத்தார். பறவைகள் கண்டம் விட்டுக் கண்டம் போகின்றன என்பதற்குக் கண்கூடான சாட்சி 1822-ல்தான் ஜெர்மனியில் கிடைத்தது. அங்கே வந்திறங்கிய ஒரு நாரையின் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று குத்தியபடியே இருந்தது! அதைப் பாடம் செய்து ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கிறார்கள். நம் சத்திமுத்தப் புலவரோ அதற்குப் பல காலம் முன்பே, செங்கால் நாரை தெற்கே குமரி வரை வந்து வடதிசைக்குத் திரும்பும் என்ற விஷயத்தை வைத்தே மனைவிக்குத் தூது அனுப்பிவிட்டார். ஊரைவிட்டு வந்து குளிரில் நடுங்குகிறவனுக்கு வானத்தைப் பார்க்கத் தோன்றியிருக்கிறது. முதல் டிசம்பரில் டில்லியில் ரஜாய் இல்லாமல் படுத்தவர்களுக்கு அந்தப் பாட்டை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது இலைக் கதிர்க்குருவிகள். இவற்றைப் பார்ப்பது கடினம், கேட்பது சுலபம். ஷஹ்தூத் இலைகளுக்குள் 'ச்வீ' என்று ஒரு குரல் கேட்கும். நிமிர்ந்தால் இலைதான் தெரியும். எடை ஆறேழு கிராம், அதாவது இரண்டு ஒரு ரூபாய் நாணயங்கள். எங்கள் மரத்தில் குளிர்காலம் முழுவதும் தங்குவதற்கு ஹியூம் என்பவரின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1885-ல் காங்கிரஸ் மகாசபையைத் தொடங்கிய அதே ஆலன் அக்டேவியன் ஹியூம்தான். பறவை ஆராய்ச்சியில் பெரும் புலி. பல்லாண்டு உழைத்து இந்தியப் பறவைகள் பற்றி எழுதிய கையெழுத்துப் பிரதியை அவருடைய வேலையாள் ஒருவன் சிம்லாவில் பழைய பேப்பர் விலைக்குப் போட்டுவிட்டான். மனிதர் பறவைகளையே விட்டுவிட்டார். காங்கிரசுக்கு அது லாபம், நமக்கு நஷ்டம்.

இதே ஜாதியில் பச்சைக் கதிர்க்குருவி என்று ஒன்று உண்டு. அது இங்கே தங்குவதில்லை. செப்டம்பரில் ஒருசில நாள் பூச்சி தின்றுவிட்டுப் புறப்படும். ஏப்ரலில் திரும்பும்போது மறுபடி ஒருசில நாள். டில்லி அதற்கு ஜங்ஷன், அவ்வளவுதான். போகிற இடம் தெற்கு. திருநெல்வேலிச் சீமையில் முண்டந்துறைக் காட்டில் குளிர்காலத்தைக் கழிக்கும் இந்தக் குருவிகளை ஆராய்ச்சியாளர்கள் 1990-களில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். ஒவ்வொரு குருவியும் சில மரங்களைத் தன் எல்லை என்று வகுத்துக்கொண்டு, இன்னொன்று வந்தால் விரட்டுகிறது. அடுத்த ஆண்டும் அதே மரங்களுக்கே திரும்ப முயல்கிறது. பாபநாசம் பக்கத்து அன்பர்கள், செப்டம்பரில் உங்கள் டில்லி வீட்டு மரத்தில் ஒரு 'ச்வீ' கேட்டால் ஊர்க்காரர் என்று நினைத்துக்கொள்ளலாம்.

சிறிய ஈப்பிடிப்பான் ஒன்றும் வரும். வாலைத் தூக்கி அடிக்கும்போது அடிவால் இருபுறமும் வெள்ளை பளிச்சென்று தெரியும். குரல் பழைய கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் 'ட்ர்ர்ர்'. இதன் பிறந்தகம் கிழக்கு ஐரோப்பாவும் ரஷ்யாவும். அக்கம்பக்கத்து ஐரோப்பியக் குருவிகள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவுக்குப் போக, இது மட்டும் தென்கிழக்கே திரும்பி இந்தியாவுக்கு வருகிறது. தண்ணீர் தேங்கிய இடங்களில் வெள்ளை வாலாட்டியையும் பார்க்கலாம். எங்கள் தெருவில் கார் கழுவும் தண்ணீரை நம்பியே ஒன்று குளிர்காலம் முழுவதும் நடமாடுகிறது.

எதற்காக இத்தனை அலைச்சல் என்று கேட்பீர்கள். குளிர் தாங்காமல் என்று சொல்வது பாதிதான் சரி. இறகுப் போர்வை உள்ள பறவைக்குக் குளிர் பெரிய காரியமல்ல. குளிரில் பூச்சி இல்லாமல் போவதுதான் பிரச்னை. சரி, இங்கே பூச்சி இருக்கிறதே, இங்கேயே இருந்துவிடலாமே என்றால், வடக்கே கோடையில் பகல் பொழுது பதினாறு பதினேழு மணி நேரம். புழு பூச்சிக்கும் பஞ்சமில்லை. குஞ்சுகளுக்கு இரை தேட அத்தனை நேரமும் கிடைக்கிறது. வேலை ஓரிடம், குடும்பம் ஓரிடம் என்று வைத்துக்கொண்டவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

புறப்படும் நேரத்தைச் சொல்வது முக்கியமாகப் பகல் பொழுதின் நீளம். நாள் நீள்வதோ குறுகுவதோ உடலுக்குள் ஒரு மாற்றத்தைத் தொடங்கி வைக்கிறது. பசி அதிகமாகும், கொழுப்பு சேரும். நெடுந்தூரம் போகும் சில சிறு பறவைகள் தம் எடையைப்போல் இரண்டு மடங்கு வரைகூட ஆகிவிடும். கூண்டில் அடைத்து வைத்த வலசைப் பறவைகூட அந்தப் பருவத்தில் இரவெல்லாம் தூங்காமல், போகவேண்டிய திசையைப் பார்த்துத் துள்ளிக்கொண்டிருக்கும். சிறு குருவிகளில் பெரும்பாலானவை இரவில்தான் பயணம் செய்கின்றன. காற்று குளிர்ந்து அமைதியாக இருக்கும், பருந்து தொல்லை இல்லை, பகலில் இறங்கி இரை தேடலாம். வழிகாட்டி நட்சத்திரங்களும் பூமியின் காந்தப் புலமும். 1967-ல் அமெரிக்காவில் ஸ்டீபன் எம்லென் என்பவர் குருவிகளை ஒரு கோளரங்கத்துக்குள் வைத்து, செயற்கை வானத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். வானத்தைத் திருப்பினால் குருவியும் திரும்பியது!

இதில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வேறு. 1950-களில் ஹாலந்தில் பெர்டெக் என்பவர், வலசை போய்க்கொண்டிருந்த ஸ்டார்லிங் பறவைகள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்து, வளையம் இட்டு, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார். வயது வந்தவை நிலைமையைப் புரிந்துகொண்டு, திசையை மாற்றி வடமேற்கே பறந்து, வழக்கமாகத் தங்கும் இங்கிலாந்து, வட பிரான்ஸ் பக்கம் போய்ச் சேர்ந்தன. அந்த ஆண்டு பிறந்த இளசுகளோ, பழைய திசையிலேயே பழைய தூரம் பறந்து ஸ்பெயினில் இறங்கின. ரயில்வேயில் 'ரோடு லேர்னிங்' என்று உண்டு. ஒரு டிரைவர் எத்தனை பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும், புதிய செக்ஷனில் வண்டி ஓட்டுவதற்கு முன், அந்த வழியில் கூடப் போய் சிக்னல், வளைவு, ஏற்ற இறக்கம் எல்லாம் கற்றுக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டும். இளம் பறவை பிறக்கும்போதே கொண்டுவருவது திசையும் தூரமும்தான். முதல் பயணம் முடிந்த பிறகுதான் அதற்கு ரோடு தெரிகிறது. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் வாசலுக்குத் திரும்பத் திரும்ப வருகிற பறவை, இந்த இடத்தைக் கற்றுக்கொண்ட பறவை. வலசைக் குருவிகள் ஆண்டுதோறும் ஒரே சின்னஞ்சிறு இடத்துக்குத் திரும்புவது வளையம் இட்டுப் பார்த்ததில் பல இனங்களில் உறுதியாகியிருக்கிறது. இந்தியாவில் இந்த வளையமிடும் வேலையை 1959-லிருந்து பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் சார்பில் சலீம் அலி பெரிய அளவில் நடத்தினார். நம் கோடியக்கரையில் நடந்த வேலை அதில் முக்கியமானது.

வானத்தில் போகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நவம்பர் முதல் மார்ச் வரை, விடியுமுன் அல்லது பொழுது சாய்ந்தபின், 'ஆங்... ஆங்...' என்று மூக்கால் பேசிக்கொண்டு ஒரு கூட்டம் எங்கள் மாடிக்கு மேலே போகும். நஜஃப்கட் ஏரிக்குப் போகும் பட்டைத்தலை வாத்துகள். மங்கோலியா, திபெத்துப் பக்கம் கூடு கட்டி, இமயத்தைத் தாண்டி வருபவை. கூந்தன்குளம் வரையிலும் இவை போகின்றன. எவரெஸ்டுக்கு மேலே பறக்கும் என்று கதை சொல்வார்கள். கருவி பொருத்திப் பார்த்ததில் கிடைத்த உச்சம் சுமார் 7,290 மீட்டர். பெரும்பாலான நேரம் அதற்கும் வெகு கீழேதான். 2015-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இன்னும் சுவையானது. இருப்புப்பாதை போடுகிற எங்களுக்கு, ஏறிய உயரத்தை வீணாக இறங்கித் தொலைக்கக்கூடாது என்பது பாலபாடம். போர் காட் ஏற்றத்தில் 37 அடிக்கு ஓர் அடி உயர்வதற்கே பின்னால் இன்னொரு எஞ்சின் போட்டுத் தள்ளவேண்டியிருக்கிறது. இந்த வாத்து அப்படிச் செய்வதில்லை. மலை உயர்ந்தால் உயர்ந்து, பள்ளத்தாக்கு வந்தால் இறங்கி, தரையை ஒட்டியே போகிறது. காரணம், மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்றில் சிறகடித்து நிலைத்து நிற்பதற்கு ஆகும் செலவு, இறங்கி மறுபடி ஏறும் செலவைவிட அதிகம். குளிர்ந்து அடர்ந்த காற்று கிடைக்கும் இரவிலும் விடியற்காலையிலும் கடக்கிறது. இந்தக் கணக்கை எங்களில் ஒருவர் போட்டிருந்தால் எஸ்டிமேட் திரும்பி வந்திருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள். நான் வந்தபோது ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு துண்டு மண்தரை இருந்தது. இப்போது ஒன்பது வீட்டில்தான் இருக்கிறது. மற்றவை பில்டர் கைக்குப் போய் நாலு மாடியாக எழும்பிவிட்டன. கீழே தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தம், வாசல் முழுக்க டைல்ஸ். யாரையும் குறை சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வீடு வேண்டும், காருக்கு இடம் வேண்டும். ஆனால் திர்திராவுக்கு டைல்ஸ் ரயில் இல்லாத ஸ்டேஷன். எட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஐந்து திர்திரா குளிர்காலத்தில் இருந்தன. சென்ற ஆண்டு இரண்டு. இரண்டும் மண்தரை மிஞ்சிய வீடுகளில்தான்.

அடுத்தது ஷஹ்தூத் மரம். மார்ச் கடைசியில் பழம் பழுக்கும்போது சூறைக்குருவிக் கூட்டம் வந்து இறங்கும். ரோஜா நிற உடம்பும் கறுப்புத் தலையுமாக, ஒரே இரைச்சல். மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளிக் கூட்டத்தைத் துரத்திக் கூடு கட்டுபவை. ஏப்ரல் மேயில் போய், ஜூலை ஆகஸ்டிலேயே திரும்ப ஆரம்பித்துவிடும். வருஷத்தில் முக்கால் பங்கு நம் நாட்டில்தான் வாசம். நெடும்பயணத்துக்கு முன்னால் வயிறு நிரப்பிக்கொள்ளும் இடம் இந்த மரம். பழச்சாறும் எச்சமும் கீழே நிற்கும் கார்களின்மேல் விழுகின்றன என்பது உண்மை. குடியிருப்போர் கூட்டத்தில் எதிர்வீட்டு இளைஞர், "அங்கிள்ஜி, உங்கள் சிடியாவுக்காக நான் தினம் வண்டி கழுவ முடியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். டில்லியில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் மரத்தை வெட்ட முடியாது என்பதைச் சொன்னேன். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் சிமெண்டு போடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டதையும் சொன்னேன். சட்டம் பேசினால் பகை வளருமே தவிர மரம் வளராது. ஆகவே, பழக்காலமான ஐந்து வாரத்துக்கு மட்டும் அவருடைய காரை எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. இந்த மார்ச்சில் முதல் முறையாக நடைமுறைக்கு வருகிறது. வெட்டவேண்டும் என்ற தீர்மானம் கைவிடப்படவில்லை. மே மாதக் கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

மண்தரை வைத்திருக்கும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். கம்பு, அரிசி தூவுவது புறாவுக்குத்தான் உதவும்; மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை பூச்சி தின்பவை. உதிர்ந்த இலையைக் கூட்டித் தள்ளாமல் செடியடியில் விட்டுவைத்தால் பூச்சி தானே வரும். பூச்சி மருந்தைக் குளிர்காலத்திலாவது நிறுத்துங்கள். ஓர் அங்குல ஆழத்துக்கு மேல் இல்லாத மண் தட்டில் தண்ணீர் வைத்து, தினமும் மாற்றுங்கள்; கொசு பயமும் இராது. மண்தரையே இல்லாத ஃபிளாட்வாசிகள் பால்கனியில் தொட்டியும் தண்ணீரும் வைத்தால் கதிர்க்குருவி வரும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிப் பட்டம் விடும் நாட்களில் கண்ணாடி மாஞ்சா மரங்களில் தொங்கும். தடை செய்து பல ஆண்டுகள் ஆகியும் தொங்குகிறது. கைக்கு எட்டுவதை அறுத்து எடுத்துவிடுங்கள். அடிபட்ட பறவை கிடைத்தால், காற்று புகும் அட்டைப்பெட்டியில் வைத்து, செங்கோட்டைக்கு எதிரே ஜைன ஆலயத்தில் உள்ள பறவை மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம், கட்டணம் கிடையாது.

குழந்தைகளுக்கு மெர்லின் என்ற செயலியைக் காட்டிக் கொடுங்கள். குரலைக் கேட்டே பெயர் சொல்கிறது. என்னைப்போல் நோட்டில் எழுதுகிறவர்கள் தேதி, நேரம், எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள். 'நிறைய வந்தன' என்பது கணக்கில் சேராது. மயூர் விஹார்க்காரர்களுக்கு யமுனை பக்கம். எங்களுக்குக் கிடைக்காதவை அங்கே கிடைக்கும். ஜூன் கடைசி வாரம் மழைக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து வரும் சுடலைக்குயிலை நான் ஜனக்புரியில் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். தலையில் கொண்டை, உடம்பு கறுப்பும் வெள்ளையும். உங்கள் பக்கம் தென்பட்டால் தேதியைச் சங்க அலுவலகத்தில் என் பெயருக்கு ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.